திறப்பு யாரிடம்?

அதிமேதகு ஜனாதிபதி அவர்களுக்கு,

வலிகாமத்துக் கிராமமொன்றில் தமிழ் படிப்பித்து இளைப்பாறிய ஆசிரியன் ஒருவன் எழுதிக்கொள்வது. எங்கள் பழைய மரபில் மடலேறுதல் என்று ஒன்று உண்டு. காதலித்த பெண்ணைக் கேட்டுக் கேட்டும் கிடைக்காதவன் பனை மட்டையால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி ஊர்த் தெருவால் வருவான். கருக்கு அறுப்பது அவன் தொடையைத்தான். ஊர் பார்ப்பதோ பதில் சொல்லாத வீட்டு வாசலை. பனை மட்டைக்கு இங்கே பஞ்சமில்லை. எழுபத்தொரு வயதில் அதில் ஏறத்தான் உடம்பு இடங்கொடுக்காது. ஆகவே ஏறுகிற மடலை விட்டு எழுதுகிற மடலை எடுத்திருக்கிறேன். தங்கள் பொன்னான நேரத்தில் ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

முதலில் என் நல்லெண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மடல் முடிகிற நேரம் அதைத் தேட வேண்டி வரலாம். 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தங்கள் கட்சிக்குப் போயின. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சியை இந்த மண் அப்படி நம்பியதை என் ஆயுளில் நான் கண்டதில்லை. அந்த வாக்குகளில் ஒன்று என்னுடையது. ‘வளமான நாடு – அழகான வாழ்க்கை’ என்ற தங்கள் கொள்கைப் பிரகடனத்தைப் பென்சிலும் கையுமாக இருந்து வாசித்தேன். ஆசிரியப் புத்தி, என்ன செய்வது? பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படும் என்ற இடத்தில் இரட்டைக் கோடு இட்டிருக்கிறேன். 1979இல் தற்காலிகமாக வந்த சட்டம் அது. தங்கள் ஆட்சியின் முதலாவது வருடம் முடிந்தபோதும் அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் நான் கோட்டை அழிக்கவில்லை. வகுப்பில் பிந்தி வருகிற பிள்ளையை உடனே வெளியே நிறுத்துகிற பழக்கம் என்னிடம் இருந்ததில்லை.

தாங்கள் செய்தவற்றையும் மறைக்க மாட்டேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 100 மில்லியன் ரூபா ஒதுக்கினீர்கள். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி தாங்களே வந்து மயிலிட்டித் துறைமுகத்தின் அபிவிருத்தி வேலையைத் தொடக்கிவைத்தீர்கள். கடவுச்சீட்டு அலுவலகத்தைத் திறந்தீர்கள். நூலகத்தின் இணையவழிச் சேவையையும் திறந்தீர்கள். ஒரே நாளில் இத்தனை திறப்பு விழா. இந்த இடத்தில் எங்கள் பேச்சுவழக்கு ஒன்றைத் தங்களுக்குச் சொல்லவேண்டும். மற்ற ஊர்த் தமிழர் சாவி என்று சொல்வதை நாங்கள் திறப்பு என்போம். இந்த மடல் அந்தத் திறப்பைப் பற்றியது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் விவரணப்படம் காட்டிவந்தோம். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. இரவல் புரொஜெக்டர், இரண்டு வெள்ளை வேட்டியை இணைத்துத் தைத்த திரை, பிளாஸ்டிக் கதிரை முப்பது, தேத்தண்ணியும் வாய்ப்பனும். நடிகர் இல்லாத படங்கள். வயலில், வாடியில், முகாமில், தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற சனம் தங்கள் பாட்டுக்குப் பேசுகிற படங்கள். சோமீதரன் 2008இல் எடுத்த ‘எரியும் நினைவுகள்’ படத்தோடு தொடங்கினோம். 1981இல் 97,000 புத்தகங்களோடு எரிந்த அதே நூலகத்தைப் பற்றிய படம். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனங்கள் திரும்பிப் போய்க் குடியிருக்கப் படுகிற பாட்டைச் சுமதி சிவமோகன் படமாக எடுத்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு பின்னேரம் முழுக்கப் பேசினோம். பிறகு ஒரு சனிக்கிழமை வாங் பிங் என்ற சீனரின் ‘மூன்று சகோதரிகள்’ படத்தைப் போட்டோம். அதிலேதான் வினை வந்தது.

2012இல் வந்த படம். யுன்னான் மாகாணத்து மலைக்கிராமம் ஒன்று. 10, 6, 4 வயதில் மூன்று பெண் பிள்ளைகள். தாய் விட்டுப் போய்விட்டாள், தகப்பன் பட்டணத்தில் கூலி வேலைக்கு. இரண்டரை மணித்தியாலம் அந்தப் பிள்ளைகள் சாணி அள்ளும், ஆடு மேய்க்கும், புகை மண்டிய குசினியில் உருளைக்கிழங்கு அவிக்கும், ஈரச் சப்பாத்தைக் காயவைக்கும். பின்னணி இசை இல்லை. விளக்கம் சொல்கிற குரலும் இல்லை. அரை மணித்தியாலத்தில் எங்கள் சனம் எழும்பிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளைகள் பேன் பார்க்கிற இடம் வந்தது. முன் வரிசையில் இருந்த எண்பது வயது ஆச்சி, திரையில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும் என்பது போலச் சத்தமாகச் சொன்னா: “மெதுவாப் பார் பிள்ளை, நோகப்போகுது.” போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் விளக்கையும் தணித்து வைத்துக்கொண்டு பேரப் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்த கை அது. அவவுக்குச் சீனா எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

படம் பாதியில் இருக்க ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு தம்பிமார் வந்தார்கள். எந்தப் பிரிவென்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு. மிகவும் பண்பான பிள்ளைகள். தேத்தண்ணி கொடுத்தோம், குடித்தார்கள். “ஐயா, சும்மா ஒரு விபரத்துக்குத்தான்” என்று தொடங்கினார்கள். என்ன படம்? யார் எடுத்தது? காசு யார் தருகிறது? வந்திருக்கிற ஆட்களின் பெயர், தொலைபேசி இலக்கம்? ஒருவர் சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டார். சீனப் படம் என்றதும் அவருடைய பேனை நின்றது. “எம்பசி தந்ததோ?” என்று கேட்டார். சீனரின் கடலட்டைப் பண்ணையும் தீவுகளின் மின்திட்டமும் பட்ட பாட்டிலிருந்து சீனா என்ற சொல்லுக்கு இங்கே தனிப் பாரம் உண்டு என்பது எனக்கும் தெரியும். இந்தப் படத்தை அந்தத் தூதரகமே விரும்பாது தம்பி என்று விளங்கப்படுத்தினேன். அதையும் எழுதிக்கொண்டார். மற்றவர் யன்னலோரம் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த மாதம் சனசமூக நிலையத்தின் திறப்பைக் காணவில்லை. செயலாளரிடம் கேட்டால் தலைவரிடம் என்றார். தலைவர் பொருளாளரிடம் என்றார். பொருளாளர் வவுனியாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். அது வெகு நீண்ட கலியாணமாக இருந்திருக்க வேண்டும், இரண்டு மாதம் ஆளைக் காணவில்லை. அவர்களில் ஒருவர் என் மாணவர். ஒழுங்கையில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பவர், இப்போது வேறு ஒழுங்கையால் போகிறார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். அதுவும் சும்மா ஒரு விபரத்துக்காகத்தான் இருந்திருக்கும்.

நான் சட்டத்தை மதிக்கிற ஆள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தபோது இனிப்புக் கொடுத்தவன். அந்தச் சட்டத்தின் கீழ் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். எங்கள் திரையிடலுக்குத் தடை ஏதும் உண்டா, விசாரிக்க ஆட்கள் அனுப்பப்பட்டார்களா என்று இரண்டு கேள்வி. பதில் வந்தது. தடை ஏதும் இல்லை; எவரும் அனுப்பப்படவில்லை. ஒன்றரை வரிதான், அழகான தட்டச்சு. அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இந்த விஷயத்தில் இதுவரை சட்டம் போட்டவன் நான் ஒருவன்தான்.

வாங் பிங்கின் நாட்டில் நடப்பதைத் தாங்கள் அறியாமல் இருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஒப்புநோக்குவதற்காகச் சொல்கிறேன். வூ வென்குவாங் என்ற இயக்குநர் 2010 முதல் இளம் பிள்ளைகளைத் தங்கள் தங்கள் கிராமத்துக்கு அனுப்பி, 1959 முதல் 1961 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைப் பற்றிக் கிழடுகட்டைகளிடம் கேட்டுப் படம்பிடிக்க வைத்தார். பாடப் புத்தகத்தில் இல்லாத பஞ்சம் பாட்டியின் வாயில் இருந்தது. பெய்ஜிங் ஓரத்தில் சொங்சுவாங் என்ற இடத்தில் இப்படியான படங்களுக்கு ஒரு விழா நடந்துவந்தது. 2014 ஓகஸ்டில் அதைத் தொடங்கவிடாமல் நிறுத்தினார்கள். நடத்திய நிதியத்தின் அலுவலகத்திலிருந்து பல வருடமாகச் சேர்த்த படங்களைப் பொலிஸார் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சேகரிப்பு ஒரே நாளில் இல்லாமற் போவதென்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2017 மார்ச்சில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. படத்தின் தொடக்கத்தில் தோன்றும் டிராகன் முத்திரை இல்லாவிட்டால் தியேட்டரும் இல்லை, விழாவும் இல்லை. 2025 நவம்பரில் நியூயோர்க்கில் இந்தப் படங்களுக்காக ஏற்பாடாகியிருந்த விழாவே நிறுத்திவைக்கப்பட்டது; ஊரில் இருக்கிற இயக்குநர்களையும் குடும்பத்தவரையும் நெருக்கியிருக்கிறார்கள்.

கொடுமைதான். ஆனாலும் அங்கே ஒரு முத்திரை இருக்கிறது. அது கிடைக்கவில்லை என்று ஒருவன் சொல்லலாம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தன்னை மறித்தது என்று விரலால் காட்டலாம். மிச்ச வேலை அங்கேயும் தொலைபேசியில்தான் நடக்கிறது போலிருக்கிறது. எங்களுக்கு முத்திரையும் இல்லை, மறுப்பும் இல்லை, தொலைபேசி மட்டும்தான். இருக்கிற சட்டமோ 1912இல் வெள்ளைக்காரன் நாடகக் கொட்டகைகளை நினைத்து எழுதிய கட்டளைச் சட்டம். அதைக்கூட எங்கள்மேல் ஒருவரும் பாவிக்கவில்லை. பாவித்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பிரசன்ன விதானகே ‘புரஹந்த களுவர’ என்றொரு படம் எடுத்தார். பார்வையில்லாத ஒரு சிங்களத் தகப்பன். போரிலிருந்து சீல் வைத்து வந்த பெட்டிக்குள் தன் மகன் இல்லை என்று பிடிவாதமாக நிற்கிறார். கடைசியில் கிடங்கைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். எங்கள் ஊர்த் தாய்மார் அந்தப் படத்தை மொழி தெரியாமலே விளங்கிக்கொள்வார்கள். 2000இல் அப்போதைய அரசு அதைத் தடைசெய்தது. தடை கடதாசியில் இருந்தது. அந்தக் கடதாசியோடு அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், 2001இல் வென்றார், படம் தியேட்டருக்கு வந்தது. பாருங்கள், எழுதிய தடைக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அதற்கு எதிராக வழக்குப் போடலாம். காணாமற்போன திறப்புக்கு எதிராக எந்தக் கோட்டில் வழக்குப் போடுவது?

யாழ்ப்பாணத்தில் நேர்மையான தடையை நான் ஒரு இடத்தில்தான் கண்டேன். முப்பத்தைந்து வருடம் பூட்டிக்கிடந்த வசாவிளான் பலாலி வீதியை 2025 ஏப்ரல் 10ஆம் திகதி தங்கள் ஆட்சியில் திறந்தார்கள். மனமார்ந்த நன்றி. வீதியோடு ஒரு பலகையும் நட்டார்கள். காலை 6 மணி தொடக்கம் மாலை 5 மணி வரை மட்டும், நடந்து போகக்கூடாது, வாகனத்தை நிறுத்தக்கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. எல்லாம் எழுத்தில். எங்கள் வட்டத்தில் கமரா பழகுகிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அதன் அம்மம்மா 1990இல் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வெளிக்கிட்டவ. வீதி திறந்த கிழமை பேர்த்தி அவவை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். பலகையில் எழுதியிருந்தபடியே கமராவை வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, குந்தில் இருந்த அம்மம்மாவின் கைகளை மட்டும் படம்பிடித்தாள். “கிணத்தடி இந்தப் பக்கம்” என்று வலக்கை போகும். “படலை இதில. இல்லை, இதில” என்று இடக்கை தயங்கும். பிறகு இரண்டு கையும் மடிக்குள் வந்துவிடும், ஏனென்றால் அதற்குள் பஸ் கடந்துவிட்டது. பதினொரு நிமிடப் படம். காணி இல்லை, முட்கம்பி இல்லை, படையினர் ஒருவர்கூட இல்லை. அந்தப் படத்தைக் காட்ட இருந்த சனிக்கிழமைதான் திறப்புக் காணாமற்போன சனிக்கிழமை.

கமரா தூக்குகிறவர்களுக்கு நேர்வதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் தகன மேடைக்கு வெட்டிய இடத்திலிருந்து 200க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு பிள்ளையின் புத்தகப்பை வந்தது, விளையாட்டுச் சாமான் வந்தது. அந்த அகழ்வை நாளும் பொழுதும் நின்று படம்பிடித்த முல்லைத்தீவு ஒளிப்படப் பத்திரிகையாளர் கணபதிப்பிள்ளை குமணனை, அதே வருடம் ஓகஸ்டில் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவினர் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாதுகாப்பு அமைச்சரும் தாங்களே என்பதால் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன். இல்லாவிட்டால் யாருக்கு எழுதுவதென்று தேடியே என் மிச்ச ஆயுள் போயிருக்கும். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் வந்தபோது, அவை 1987–89 காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட தோழர்களுடையவை, முறையாக விசாரிக்க வேண்டும் என்று உரத்துக் கேட்டது தங்கள் கட்சியான ஜே.வி.பி. கேட்டது சரிதான். அந்த நாட்களில் மாத்தளையிலோ தங்காலையிலோ ஒரு பிள்ளை தன் ஆச்சியின் கைகளைப் படம்பிடித்து வைத்திருந்தால் தங்களுக்கு இன்று அது எவ்வளவு பெறுமதியாக இருக்கும்? இதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் நான் தங்கள் தலையில் கட்டப்போவதில்லை. எங்கள் இயக்கங்களின் வன்முறையையும் பேசுகிற ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ 2017இல் கான் விழாவில் காட்டப்பட்டது. 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழாவின் நிரலிலிருந்து எடுக்கப்பட்டது. எடுக்கச் சொன்னது கொழும்பு அல்ல, எங்கள் ஆட்கள். அந்தப் படத்தோடு எனக்கும் பிணக்கு உண்டு. பிணங்குவதற்கென்றாலும் முதலில் பார்க்க வேண்டுமே? மனித உரிமையாளர் ராஜனி திராணகமவைப் பற்றிய ‘நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்’ படத்தை நாங்கள் போட்ட அன்று நாலு பேர் கதிரையை இழுத்துத் தள்ளிவிட்டு வெளியேறினார்கள். அவர்களும் வாசலில் நின்று யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணினார்கள், கொப்பிதான் இல்லை. தங்களுடைய தம்பிமாருக்கு இந்த ஊரில் வேலை சுலபம் என்பதை இதற்காகத்தான் ஒத்துக்கொள்கிறேன். பாதி வேலையை நாங்களே இலவசமாகச் செய்து வைத்திருக்கிறோம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார நிலையம் நிற்கிறது. 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு. அதை நாங்கள் கேட்கவில்லை. முப்பது கதிரை போடுகிற ஒரு மண்டபம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, 1950களில் ஊரார் கல் சுமந்து கட்டியது. அதன் திறப்பு வேண்டும். தாங்கள் திறந்துவைத்த இணைய நூலகத்தில் ‘எரியும் நினைவுகள்’ படத்துக்கு ஒரு இடம் உண்டா என்றும் அறியத் தாருங்கள். தன்னைப் பற்றிய படம் தன்னிடமே இல்லாத நூலகம் பார்க்க நன்றாயிராது. இவை முடியாதென்றால் மூன்றாவதாக ஒன்று. தடை ஒன்றை எழுதித் தாருங்கள். ஒரு கடதாசி, ஒரு திகதி, ஒரு கையொப்பம். பலாலி வீதிப் பலகை போல நறுக்கென்று இருந்தால் போதும். மிச்சத்தை நானும் ஒரு சட்டத்தரணியும் பார்த்துக்கொள்வோம்.

யன்னலோரம் நின்ற தம்பியைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். மற்றவர் பெயர்களை எழுதி முடித்து இரண்டு தடவை கூப்பிட்டார், இவருக்குக் கேட்கவில்லை. திரையில் மூத்த பிள்ளை தனியே ஆடுகளோடு மலையில் ஏறிக்கொண்டிருந்தது, ஒரே காற்றுச் சத்தம். தேத்தண்ணிக் கோப்பை கையிலேயே ஆறிப்போயிருந்தது. மூன்றாவது தடவை தோளில் தட்டித்தான் கூட்டிக்கொண்டு போனார். படியில் இறங்கும்போது திரும்பி என்னிடம், “தகப்பன் திரும்பி வருவாரோ ஐயா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் சொல்லவில்லை. அடுத்த தடவையும் விபரம் எடுக்க ஆள் அனுப்புவதென்றால், மேதகு ஜனாதிபதி அவர்களே, தயவுசெய்து அந்தத் தம்பியையே அனுப்புங்கள். படத்தை முதலில் இருந்து போடுகிறேன். இரண்டரை மணித்தியாலம், கொஞ்சம் நேரத்தோடு வரச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
இளைப்பாறிய தமிழாசிரியன்,
வலிகாமம்.